கருப்பண்ணன் வாங்கிய முந்நூறு வெள்ளி

கருப்பண்ணனுக்கு இருந்த காய்ச்சலுக்கு நாமக்கல் ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது. முறைக்காய்ச்சல்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். இது பங்காளிக் காய்ச்சல். விடிந்தால் வரும், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் ஏறும்.

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னுசாமி. கருப்பண்ணனின் சித்தப்பா மகன், எட்டு மாதம் இளையவன். பாகம் பிரித்தபோது கிணறும் மூன்று ஏக்கர் மஞ்சள் தோட்டமும் கருப்பண்ணன் பக்கம் விழுந்தன. சின்னுசாமிக்கு வானம் பார்த்த மேட்டுக்காடு. நியாயமாகப் பார்த்தால் பொறாமைப்பட வேண்டியவன் சின்னுசாமி. அவனோ "சரிங்ணா" என்று சொல்லிவிட்டு, காட்டை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிட்டு, 1926இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டுக்குப் போய்விட்டான். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்துக் கடையில் அரிசி நிறுத்துப் போடுகிற வேலை.

நாலு வருஷம் கருப்பண்ணன் நிம்மதியாக இருந்தான். பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்துக்காரர்கள் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். சின்னுசாமியும் வந்து சேர்ந்தான். பார்க்கப் போன கருப்பண்ணன், கன்னம் ஒட்டிக் கண் குழிந்து கிடந்த தம்பியைக் கண்டு, "ஐயோ பாவமே" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னான். வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிட இரண்டு அகப்பை சோறு கூடப் போடச் சொல்லித் தின்றான். அவன் மனைவி வள்ளியாத்தாள் அதைக் கவனித்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

மலாய் நாட்டுப் பணம் டாலர். நம் ஆட்கள் அதை வெள்ளி என்பார்கள். திரும்பி வந்தவர்கள் எல்லோருடைய மடியிலும் ராசா தலை போட்ட வெள்ளி நோட்டு பத்தோ இருபதோ இருந்தது. இங்கே அதைக் கொடுத்தால் உப்புக்கூட வாங்க முடியாது. திருச்சிக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். பஸ்ஸுக்குக் காசு, ஒருநாள் கூலி, போன இடத்தில் ஏமாற்றுவானோ என்ற பயம். சின்னுசாமி புதன்சந்தை மாட்டுச் சந்தையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, "இங்கயே மாத்திக்குங்க" என்றான். கையோடு ரூபாய் கொடுத்தான். இன்னொரு பக்கம், கப்பலேறப் போகிறவர்கள் அவனைத் தேடி வந்து வெள்ளி வாங்கிப் போனார்கள். வாங்குகிறவனும் அவனிடம், விற்கிறவனும் அவனிடம்.

எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடந்த வியாபாரம்தான். விலை மட்டும் யாருக்கும் தெரியாது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்கிறபடியே சின்னுசாமியும் செய்தான். எதிராளியின் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வான். உள்ளே விரல்கள் பேசும். நாலு விரலைப் பிடித்தால் நாலணா, மறுபடி இரண்டைப் பிடித்தால் ஆறணா. முகத்தைப் பார்த்தால் வானிலை பேசுகிறவர்கள் மாதிரி இருக்கும். துண்டை எடுத்தால் பேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கருப்பண்ணன் சந்தைக்கு மாடு பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அந்தத் துண்டைப் பார்க்கப் போனான். எத்தனை வாரம் பார்த்தாலும் துண்டு வெறும் துண்டாகத்தான் தெரிந்தது. அதற்குள் மேட்டுக்காட்டில் ஓட்டு வீடு எழும்பியது. கிணறு வெட்டினான் சின்னுசாமி; பாறை வராமல் தண்ணீர் வந்தது. காங்கேயம் காளை ஒரு ஜோடி வந்தது. கருப்பண்ணனின் செவலைக் காளைகளும் நல்ல ஜோடிதான். ஆனால் அந்த வெள்ளை ஜோடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அசைபோடுகையில் இவனுக்கு வயிறு எரிந்தது. ஒரு மனிதன் பாடுபட்டுப் பணக்காரனானால் பொறுத்துக்கொள்ளலாம். மரத்தடியில் உட்கார்ந்து விரலைப் பிடித்தே பணக்காரனானால் எப்படிப் பொறுப்பது?

தங்கமுத்து என்று ஒருவன், மலாய் நாட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தவன். ஒருநாள் அவனைச் சந்தையில் மடக்கினான் கருப்பண்ணன்.

"ஏப்பா, சின்னான் உனக்கு வெள்ளிக்கு என்ன போட்டான்?"

"அதெப்படீங்க சொல்றது? துண்டுக்குள்ள பேசுனது துண்டோட போச்சுங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அப்புறம் எவனும் எனக்குக் கை குடுக்க மாட்டானுங்க" என்று தங்கமுத்து நகர்ந்துவிட்டான். அது பொய்யில்லை. துண்டுக்குள் பேசியதை வெளியே விட்டவனோடு சந்தையில் யாரும் பேரம் வைத்துக்கொள்வதில்லை.

கடைசியில் மானத்தை மடித்து வைத்துவிட்டு, கிளுவை வேலியோரம் நின்று சின்னுசாமியையே கேட்டான். அப்போது 1939 கடைசி. ஐரோப்பாவில் சண்டை தொடங்கி, அந்நிய நோட்டு வாங்க விற்கச் சர்க்கார் கெடுபிடி போட்டிருந்தது. சின்னுசாமியின் துண்டு முன்னைவிட இறுக்கமாக மூடிக்கொண்ட காலம்.

"ஏண்டா சின்னு, அந்த வெள்ளியில அப்படி என்னதான் இருக்குது?"

சின்னுசாமி ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தாலாவது கருப்பண்ணன் நம்பியிருப்பான்.

"அதுல ஒண்ணுமில்லீங்ணா. ஒரு வெள்ளிக்கு ரெண்டு வெலை. நான் வாங்கறது ஒண்ணு, விக்கறது ஒண்ணு. நடுவால ரெண்டணா நிக்கும். அந்த ரெண்டணாதான் என்ற பொழப்பு. கப்பல் வந்த வாரம் எல்லாரும் விக்க வருவாங்க, அப்ப மலிவா வாங்கோணும். கப்பல் கிளம்பற வாரம் எல்லாரும் வாங்க வருவாங்க, அப்பத் தள்ளிப்போடோணும். வச்சிருக்கவே கூடாதுங்க. இன்னைக்கு வாங்குனதை அடுத்த சந்தைக்குள்ள வித்துப்போடோணும்."

"வச்சிருந்தா வெலை ஏறாதா? மஞ்சள் ஏறுதல்ல?"

"மஞ்சளு வேறீங்ணா. வெள்ளியை லண்டன் பவுன்ல கட்டிப் போட்டிருக்குது. நம்ம ரூவாயையும் அதே பவுன்லதான் கட்டியிருக்குது. ஒரே முளைக்குச்சியில ரெண்டு மாட்டைக் கட்டுன மாதிரி. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் மேயும். இது அதை உட்டுப்போட்டு எங்க போகும்? முளைக்குச்சியை எவனாச்சும் புடுங்குனாத்தான் உண்டு. புடுங்குனா மாடு எந்தப் பக்கம் ஓடும்னு நமக்குத் தெரியாதுங்க."

இதைவிடத் தெளிவாக அந்தத் தொழிலை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. கருப்பண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னான்: "பாரு வள்ளியாத்தா, என்னை உள்ள உடக்கூடாதுன்னு மாட்டுக் கதை சொல்றான். வச்சிருந்தா ஏறாதாம். ஏறாத சரக்கை வச்சு எவனாவது ஓட்டு வீடு கட்டுவானா?"

மஞ்சள் போடுகிறவனின் புத்தி அது. அவனுக்குத் தெரிந்த லாபமெல்லாம் காத்திருந்து வந்த லாபம். மஞ்சளைக் குழியில் கொட்டி, வைக்கோல் போட்டு மண்ணால் மூடிவிட்டு, விலை ஏறும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பவன் கெட்டிக்காரன். அவசரப்பட்டு விற்பவன் ஏமாளி. நோட்டும் சரக்குதான் என்றால் நோட்டுக்கும் அதே நியாயம்தானே?

1941 தை மாதம். கப்பலேறப் போன ஒருவன் பஸ்ஸில் கருப்பண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியூர்க்காரன், சந்தைக் கட்டுப்பாடு அறியாதவன். ஒரு வெள்ளி ஒரு ரூபாய் ஒன்பதணாவுக்கு வாங்கினேன் என்று உளறிவிட்டான். பத்து வருஷமாகத் தேடிய புதையல் தானாக மடியில் விழுந்தது. ஒன்பதணா. அப்படியானால் வெள்ளியின் விலை ஒன்று ஒன்பது. அது சின்னுசாமி விற்ற விலை, வாங்கிய விலை வேறு என்பதை வேலியோரத்திலேயே கேட்டிருந்தான். கேட்டது காதில் நின்றால் அல்லவா!

தங்கமுத்துவைக் கூப்பிட்டு, தன் கையாலேயே துண்டைப் போட்டு, எட்டு விரலைப் பிடித்தான். ஒரு ரூபாய் எட்டணா. சின்னுசாமி என்ன கொடுத்தாலும் இதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பான். இனிமேல் வெள்ளி ஒன்றுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. லாபம்கூட அப்புறம்தான், முதலில் அந்தப் புளியமரத்தடி காலியாக வேண்டும்.

தங்கமுத்து அவன் முகத்தை ஒருமுறை பார்த்தான். "எவ்வளவுங்க வேணும்?"

"எவ்வளவு வந்தாலும்."

பணத்துக்கு முதலில் மஞ்சளை விற்றான். காத்திருந்து விற்பவன், அந்த வருஷம் காத்திருக்கவில்லை. போதவில்லை. செவலைக் காளைகளைச் சந்தைக்கு ஓட்டினான். வள்ளியாத்தாள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க, மாட்டை வித்துப்போட்டுக் கவலை எதுல ஓட்டுவீங்க? தோட்டம் காஞ்சு போகுமுங்க."

கிணற்றில் தோல் சால் கட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்தால்தான் அந்த மூன்று ஏக்கருக்குத் தண்ணீர். மாடில்லாவிட்டால் தோட்டம் இல்லை, தோட்டம் இல்லாவிட்டால் சோறு இல்லை. இது கருப்பண்ணனுக்குத் தெரியாததா? "ஆறே மாசம். அப்புறம் இந்த ரெண்டு போன எடத்துல நாலு கட்டறேன்" என்றான். நூற்றெண்பது ரூபாய்க்குச் செவலைகள் போயின. அவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதை வள்ளியாத்தாள்தான் பார்த்தாள். அவன் ரூபாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதத்தில் முந்நூறு வெள்ளி சேர்ந்தது. கொடுத்தது நானூற்றைம்பது ரூபாய். சின்னுசாமி சந்தையில் உட்காருவதையே விட்டுவிட்டான். புளியமரத்தடியில் ஒரு மூக்குப்பொடிக்காரன் கடை போட்டான். கருப்பண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சந்தையை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

ஆவணியில் பத்து வெள்ளியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, விலை பார்க்கத் திருச்சிக்குப் போனான். நோட்டு மாற்றுகிறவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்று ஆறு" என்றான்.

"ஒம்பதுன்னு சொன்னாங்களே?"

"அது நான் விற்கிற விலை. அதுவும் போன வருஷத்து விலை. இப்போது கப்பலேறுகிறவன் யார்? கிழக்கே என்ன ஆகுமோ என்று எல்லோரும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அடுத்த வாரம் வந்தால் ஐந்துதான்."

கருப்பண்ணன் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். விலை விழுந்தால் விற்கக் கூடாது, மூடி வைக்க வேண்டும். முந்நூறையும் ஒரு பித்தளைத் தூக்கில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டி, மஞ்சள் குழியை மூடுவதுபோலவே மேலே களிமண் பூசிப் பரணில் ஏற்றினான்.

கீழே தோட்டம் காய்ந்தது. வேறு வழியில்லாமல் வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக் காளைகளை, வாரம் இரண்டு நாள், வாடகைக்குக் கேட்க வேண்டியதாயிற்று. சின்னுசாமி வாடகைகூட வாங்கவில்லை. "ஓட்டிக்குங்கண்ணா" என்றான். அந்த ஒரு சொல்லில் கருப்பண்ணனுக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருந்தது. பங்காளியின் மாட்டை ஓட்டிக்கொண்டு பங்காளியின் பெருந்தன்மையையும் சுமப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

1942 மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. சப்பான்காரன் வந்துவிட்டான், மலாய் நாடு போய்விட்டது. முளைக்குச்சியை யாரோ பிடுங்கிவிட்டார்கள். நோட்டை நீட்டினால் திருச்சியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானூற்றைம்பது ரூபாய் பெற்ற மஞ்சளும் ஒரு ஜோடி காளையும் தூக்குக்குள் காகிதமாகக் கிடந்தன.

ஒரு வாரம் கழித்துச் சின்னுசாமி வேலியோரம் வந்தான்.

"ஏனுங்ணா, அந்த வெள்ளியை எங்கிட்டக் குடுத்துப்போடுங்க. வெள்ளிக்கு அரை ரூவா, எட்டணா மேனிக்குத் தாரேன். வெள்ளைக்காரன் திரும்பி வருவான்னு நம்பி வாங்கறவன் ஒருத்தன் இருக்கறான். மாடாச்சும் ஒரு ஜோடி புடிச்சுக்கலாம் நீங்க."

கருப்பண்ணனுக்கு ஒன்றுதான் கேட்டது. சின்னான் கேட்கிறான். சின்னான் கேட்டால் அதில் லாபம் இருக்கிறது.

"கரையானுக்குப் போட்டாலும் போடுவேன். உனக்குத் தரமாட்டேன்" என்றான்.

சின்னுசாமி தலையை ஆட்டிவிட்டுப் போனான். நல்ல வேளை, சித்திரைக்கு முன்னால் ஜேடர்பாளையத்திலிருந்து வள்ளியாத்தாளின் அண்ணன் ஒரு ஜோடி காளை ஓட்டிவந்தார். கொஞ்சம் வயதான ஜோடி, ஆனால் சால் இழுக்கும். "தங்கச்சிக்குச் சீர்" என்றார். கருப்பண்ணன் வேலியோரம் போய், அந்தப் பக்கம் கேட்கும்படி, "பங்காளி கெடுப்பான், மச்சான் குடுப்பான்" என்று இரைந்து சொன்னான். வள்ளியாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நாலு வருஷம் போயிற்று. சண்டை ஓய்ந்தது. 1946 பங்குனியில் தங்கமுத்து ஓடிவந்தான். பினாங்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். வாழை மரம் போட்ட சப்பான் நோட்டெல்லாம் குப்பைக்குப் போய்விட்டதாம். ராசா தலை போட்ட பழைய நோட்டு முழு விலைக்குச் செல்லுமாம். ஒன்று ஒன்பது.

முந்நூறு வெள்ளி. நானூற்று அறுபத்தெட்டு ரூபாய் பன்னிரண்டணா. கருப்பண்ணன் பரணில் ஏறிய வேகத்தில் ஏணி ஆடியது. காத்திருந்தவன் ஜெயித்தான். எட்டணாவுக்குக் கேட்டானே சின்னான், இப்போது வரட்டும் வேலியோரம். களிமண்ணை உடைத்து, துணியைக் கிழித்து, தூக்கைத் தரையில் கவிழ்த்தான்.

பஞ்சாங்கத் தாள்கள் விழுந்தன. அழகாக, நோட்டு அளவுக்கு நறுக்கி அடுக்கிய பழைய பஞ்சாங்கம்.

அடுப்படியிலிருந்து வள்ளியாத்தாள் வந்து நின்றாள். என்றைக்காவது இது வரும் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தவள்போல, அவள் அழவும் இல்லை, பதறவும் இல்லை.

"நான்தானுங்க எடுத்தேன். கொழுந்தனார்கிட்டக் குடுத்தேன். பணம் வேண்டாம், ரெண்டு மாடு வேணும்னேன். நூத்தைம்பது ரூவாய்க்குப் புடிச்சு எங்கண்ணன் கையில குடுத்து உட்டாங்க. அதுலதான் நாலு வருசமாக் கவலை ஓட்டறீங்க."

கருப்பண்ணன் கவிழ்ந்த தூக்கை நிமிர்த்தி உள்ளே பார்த்தான். கடைசியில், "அவனுக்கா? அவனுக்கேவா?" என்றான்.

"வேற ஆருங்க வாங்குவாங்க? அது மொதல்ல அவங்க ஊட்டுல இருந்து வந்ததுதானுங்களே."

"என்னது?"

"தங்கமுத்து உங்களுக்குக் கொண்டாந்த வெள்ளி வேற யாரோடது? திருச்சியில ஏழுக்குக் கேட்டதை நீங்க எட்டுக்குக் கேட்டீங்க. கொழுந்தனாரு தன்ற கைக்கு வந்த வெள்ளியையெல்லாம் அப்பப்ப அவன்கிட்டக் குடுத்து உட்டாங்க. ஊருக்கே தெரியுமுங்க. வந்த ஊட்டுக்கே திரும்பிப் போச்சு, உடுங்க."

விற்றதும் அவன். பாதிக்கும் கீழான விலைக்குத் திரும்ப வாங்கியதும் அவன். இன்று அதை ஒன்று ஒன்பதுக்கு மாற்றப் போகிறவனும் அவனே. நானூற்றைம்பது போனது கருப்பண்ணனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த நானூற்று அறுபத்தெட்டு சின்னுசாமி மடிக்குப் போகிறதே, அதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மிதித்தது. மேல் துண்டைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தான்.

வாழ்நாளில் முதல்முறையாக வேலியைத் தாண்டிப் போனான். சுற்றிப் போகப் பொறுமையில்லை. கிளுவை முள் காலைக் கீறியது. சின்னுசாமி வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். நடுப்பகலில் படுக்கிற ஆள் இல்லை அவன். முகம் மழிக்கவில்லை. பக்கத்தில் வைத்த கூழ் ஆடை படிந்து கிடந்தது.

"எங்கடா என்ற வெள்ளி?"

சின்னுசாமி எழுந்து உட்கார்ந்தான். "உங்க ஊட்டுல நங்கையா சொல்லிப்போட்டாங்களா?"

"எங்கடா?"

"இல்லீங்ணா."

"இல்லேன்னா?"

"அந்த வாரமே வித்துப்போட்டேன். ஒம்பதணா மேனிக்கு. பதினெட்டு ரூவா பன்னண்டணா நின்னுது. வச்சிருக்கறது என்ற தொழில்ல இல்லீங்களே. பதினஞ்சு வருசமா ஒரு நோட்டையும் நான் வச்சிருந்ததில்ல." கூழைத் தள்ளி வைத்தான். "எங்கிட்ட வாங்குன திருச்சிக்காரன் பெட்டியில போட்டு வச்சிருந்தானாம். இப்ப நானூத்திச் சில்லறை. தங்கமுத்து மொதல்ல எங்கிட்ட வந்து சொன்னதுல இருந்து மூணு நாளாச் சோறு எறங்கலீங்ணா. மனசு ஆறவே மாட்டீங்குது. ஒரே ஒருக்கா வச்சிருந்திருக்கலாம்."

கருப்பண்ணன் அவனை உற்றுப் பார்த்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கண் குழிந்திருந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை அது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கப்பலிலிருந்து வந்து கிடந்த அதே முகம்.

கருப்பண்ணனின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது மெதுவாக எழுந்து போயிற்று. அவன் கட்டிலில் சின்னுசாமியின் பக்கத்தில் உட்கார்ந்தான். பாகம் பிரித்த நாளிலிருந்து உட்காராத இடம். தம்பியின் தோளில் கை போட்டான்.

"உடு சின்னு. போனது போச்சு. கூழைக் குடி" என்றான், மனசாரவே.

திரும்பும்போது வேலியைத் தாண்டாமல், சாவகாசமாக, சுற்றிக்கொண்டு வந்தான். வழியில் காளைகளின் முதுகைத் தட்டிக் கொடுத்தான். கை கால் கழுவிவிட்டுத் தட்டத்தின் முன்னால் உட்கார்ந்தான். வள்ளியாத்தாள் பயந்துகொண்டே சோற்றைப் போட்டாள்.

"ஏனுங்க, வெள்ளி கெடைச்சுதுங்களா?"

"இல்ல."

"பின்ன ஏனுங்க சிரிக்கறீங்க?"

"அவனுக்கும் இல்ல வள்ளியாத்தா" என்றான் கருப்பண்ணன். "இன்னும் ரெண்டு அகப்பை போடு."